பொருள்: பபுள் செக்ஸ்டன்ட் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

ஈசூனிலிருந்து:
அன்பர்களே, நண்பர் ஒருவர் தன்னிடமுள்ள பழைய விமானக் கருவிகளைச் சமூக மன்றத்தில் காட்சிக்கு வைக்கிறார். தமிழ் விளக்க அட்டை என் தலையில் விழுந்திருக்கிறது. பபுள் செக்ஸ்டன்ட் என்பது சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளந்து விமானம் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் கருவி. கப்பல் செக்ஸ்டன்டில் மாலுமி சூரியனின் பிம்பத்தைக் கண்ணாடியால் இறக்கித் தொடுவானத்தில் உட்கார வைத்து அந்தக் கோணத்தை அளப்பார். மேகத்துக்கு மேல் பறப்பவருக்குத் தொடுவானம் ஏது? அதற்குப் பதிலாகத்தான் திரவத்துக்குள் ஒரு குமிழி. மேசையில் மூன்று இருக்கும்: பிரிட்டிஷ் மார்க் 9ஏ, அமெரிக்க ஏ-10ஏ, லிங்க் ஏ-12. 'குமிழ்க் கோணமானி' போதுமா?

தெம்பனிஸிலிருந்து:
தம்பி, போதாது. குமிழ் ஒரு மரம். திருகுகிற பிடியும் குமிழ்தான். இந்தக் கருவியிலேயே திருகு குமிழ்கள் இருக்கின்றன, பார்ப்பவர் எதை நினைப்பார்? தோன்றிக் கெடும் உடம்பை நாலடியார் 'படுமழை மொக்குள்' என்கிறதே, நீர்க்குமிழிக்கு அதைவிட நல்ல சொல் ஏது? செக்ஸ்டன்ட் என்றால் ஆறில் ஒரு கூறு. எனவே 'மொக்குள் அறுகூற்றுமானி'.

ஜூரோங்கிலிருந்து:
ஐயா, கப்பல் கருவியில் 60 பாகை வில் உண்டு, அதனால் அந்தப் பெயர். விமானக் கருவியில் அந்த வில்லே கிடையாது. அமெரிக்கர்கள் சிலவற்றை ஆக்டன்ட் (எட்டில் ஒரு கூறு) என்றும் அழைத்தார்கள். அப்போது எண்கூற்றுமானி என்பீர்களா? கட்டுமானத் தளத்தில் நம் ஊழியர்கள் கையில் இருக்கும் ரசமட்டமும் குமிழிதானே! 'ரசமட்டக் கோணமானி' என்றால் உடனே புரியும்.

அப்புறம் தம்பி, அட்டையில் துல்லியத்தையும் எழுதுங்கள். கோணத்தில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தவறினால் இடத்தில் ஒரு கடல் மைல் தவறும். ஆடும் விமானத்தில் குமிழியும் ஆடும், ஒற்றைப் பார்வையை நம்ப முடியாது. மார்க் 9ஏ இரண்டு நிமிடத்தில் 60 பார்வைகளைத் தானே சராசரி எடுக்கும். ஏ-10ஏவில் பென்சில் குறிகள் போட்டு, அவற்றில் நடுவில் விழுவதை நாமே பார்த்து எடுக்க வேண்டும். ஏ-12 கைக்கு அடக்கம். ஆனால் எதுவானாலும் குமிழி ரொம்பச் சிறுத்தால் மந்தமாகிவிடும். நம் சிங்கப்பூரில் மார்ச் 23 வாக்கில் நண்பகலில் முயன்று பாருங்கள், சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கழுத்து ஒடிந்துவிடும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தெம்பனிஸிலிருந்து:
கழுத்து இருக்கட்டும். பாதரசத்தைத் தட்டில் ஊற்றி அதில் சூரியனின் பிம்பம் பார்க்கும் செயற்கைத் தொடுவானம் தனியாக ஒன்று உண்டு. ரசம் என்று நீங்கள் எழுதினால் இரண்டும் குழம்பும். போகட்டும், ரசம் தமிழா என்று நான் கேட்கவில்லை.

தோ பாயோவிலிருந்து:
கேட்டுவிட்டீர்களே ஐயா! சோழமண்டலக் கரை மாலுமிகள் நட்சத்திர உயரம் பார்த்த இராப்பலகையை ஏன் எல்லாரும் மறந்தோம்? ஆனால் பகலில் சூரியனைப் பார்க்கும் கருவிக்கு 'இரா' ஒட்டாது, சரி. 'குமிழிக் கோணமானி' என்று போடுங்கள், கீழே 'பபுள் செக்ஸ்டன்ட்' என்று தமிழ் எழுத்தில் சின்னதாக. பழைய கருவிகளில் திரவம் கசிந்து குமிழி கெடுவதுண்டு, அந்த வகையில் மொக்குள் பொருத்தம்தான். ஆனால் அட்டையைப் படிப்பது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்.

ஜூரோங்கிலிருந்து:
எனக்குச் சம்மதம். ரசமட்டத்தை விளக்கத்தில் ஒரு வரியாகவாவது சேருங்கள்.

தெம்பனிஸிலிருந்து:
என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். பாகைமானியோடு பிள்ளைகள் குழப்பிக்கொண்டால் என்னிடம் வராதீர்கள்.

ஈசூனிலிருந்து:
அனைவருக்கும் நன்றி, 'குமிழிக் கோணமானி' அச்சுக்குப் போகிறது. இன்னும் ஒன்று: மார்க் 9ஏவில் சராசரி எடுக்கும் அந்தக் கடிகாரப் பொறிக்கு என்ன பெயர் போட? 'சராசரிப்பான்' சரியாக வருமா?