காட்பாடி கூட்ஸ் ஷெட்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

*குழு: நம்ம குடும்பம் வேலூர்*

யாழினி (மாலை 6:12)
எல்லாரும் இருக்கீங்களா? ஸ்கூல்ல "நம்ம ஊர் ரயில்"னு ப்ராஜெக்ட். கிளாஸ்ல எல்லாரும் வந்தே பாரத் படம்தான் ஒட்டப் போறாங்க. எனக்கு வேற ஏதாவது சொல்லுங்க

ஆம்பூர் அத்தை (6:15)
1856 ஜூலை 1 போடு கண்ணு. தென்னிந்தியாவுக்கே முதல் ரயில் நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்துச்சி. ராயபுரத்துல இருந்து சுமார் 100 கிலோமீட்டர்

யாழினி (6:16)
அது எல்லாரும் எழுதுவாங்க அத்தை

காட்பாடி பெரியப்பா (6:24)
பாப்பா, கூட்ஸ் பத்தி எழுது, அதான் சரக்கு ரயிலு. சரக்கு ஏத்தி எறக்குற கூட்ஸ் ஷெட்ல வேலை செஞ்சவங்களப் பத்தி யாரும் எழுதல

யாழினி (6:24)
சொல்லுங்க பெரிப்பா

காட்பாடி பெரியப்பா (6:41)
மெயின் லைன் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்டது. அகலப்பாதை, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 5 அடி 6 அங்குலம். 1864-ல ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூருக்கும் கிளை போட்டுட்டாங்க. அப்புறம் 1891-ல சவுத் இந்தியன் ரயில்வே இன்னொரு லைன் கொண்டாந்துச்சி. விழுப்புரம், திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, வேலூர் கன்டோன்மென்ட், காட்பாடி, சித்தூர், பாகாலா. அது மீட்டர் பாதை, 3 அடி 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. ரெண்டும் சந்திச்ச எடம் காட்பாடி. ஆனா இந்த வேகன் அந்தத் தண்டவாளத்துல போவாது

காட்பாடி பெரியப்பா (6:53)
போளூர்ல ஏத்தின மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை மெட்ராஸ் போவணும்னா காட்பாடியில எறக்கி மறுபடி ஏத்தணும். டிரான்ஷிப்மென்ட்னு சொல்வோம். இந்தப் பக்கம் சின்ன வேகன், அந்தப் பக்கம் பெரிய வேகன். லோடுமேன் கையில கொக்கி, தோள்ல மடிச்ச சாக்கு. நான் கிளார்க்கா இருந்தப்ப சீல் நம்பரைப் பார்த்து எழுதினப்புறம்தான் கதவைத் தொறப்பாங்க. மூட்டைய ஒவ்வொண்ணா எண்ணி, கணக்கு சரியான்னு டேலி போடணும். ஒண்ணு கொறஞ்சாலும் வியாபாரி நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போட்டுடுவாரு. கிழிஞ்ச மூட்டைன்னா கொட்டினதக் கூட்டி அள்ளி, கோணி ஊசியால தச்சி, எடை போட்டு, குறிப்பு எழுதி அனுப்பணும். வெயில் காலத்துல தகரக் கூரைக்குக் கீழ அந்த ஆளுங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. வேலூர் வெயில் தெரியுமில்ல

அரக்கோணம் மாமா (7:02)
அண்ணே, எங்க ஊரை உட்டுட்டீங்களே. அரக்கோணம் காஞ்சிபுரம் லைன் 1865-லயே வந்துச்சி. இந்தியன் டிராம்வே கம்பெனி போட்டது, 3 அடி 6 அங்குலம்! 1878-லதான் மீட்டர் பாதையா மாத்துனாங்க

காட்பாடி பெரியப்பா (7:04)
ஆமாம்பா, சரியாச் சொன்ன. பாப்பா, அதையும் எழுதிக்கோ. மொத்தம் மூணு அளவு தண்டவாளம் நம்ம பக்கத்துல இருந்திருக்கு

ஆம்பூர் அத்தை (7:09)
எங்க மாமனார் தோல் மண்டியில கணக்கு எழுதினவரு. ஆம்பூர், வாணியம்பாடி தோலு மெட்ராஸ் ஹார்பருக்கு கூட்ஸ்லதான் போவும்னு சொல்வாரு. ரயில்வே ரசீது கையில வர்ற வரைக்கும் ஸ்டேஷன விட்டு நகர மாட்டாராம்

யாழினி (7:11)
இப்ப அந்த ஷெட் வேலை இல்லையா?

காட்பாடி பெரியப்பா (7:22)
2010 வாக்குல விழுப்புரம் வரைக்கும் அகலப்பாதை ஆயிடுச்சி. எறக்கி ஏத்துற வேலையே இல்ல. அது நல்லதுதான், அந்தக் கஷ்டம் யாருக்கும் வேணாம். எனக்கு மனசு ஆறாதது வேற. இப்ப சரக்கு ரயிலுன்னா முழு ரேக். அரிசி, சிமென்ட், உரம், எதுவானாலும் வண்டி முழுக்க ஒரே சரக்கு. அந்தக் காலத்துல பத்து மூட்டை வெச்சிருக்கறவனும் கூட்ஸ் ஆபீஸுக்கு வந்து புக் பண்ணான். அந்தச் சின்ன வியாபாரிக்கு ரயில்ல எடமில்லாமப் போச்சி. காட்பாடி கதையில இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கறேன்

விஜி அண்ணா (7:26)
2019 தண்ணி ரயிலை மறந்துட்டீங்களே பெரிப்பா. ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு

காட்பாடி பெரியப்பா (7:31)
மறப்பனா! ஜூலை 12. 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணி. சென்னை தண்ணியில்லாம வறண்டு கெடந்தப்ப நம்ம பக்கத்து தண்டவாளம்தான் 200 கிலோமீட்டருக்கு மேல தண்ணியக் கொண்டு போயி ஊத்துச்சி. கூட்ஸுன்னா இன்னான்னு அன்னிக்கு எல்லாருக்கும் புரிஞ்சிது

யாழினி (7:33)
படம் என்ன வரையட்டும்?

காட்பாடி பெரியப்பா (7:36)
நடுவுல பிளாட்பாரம். ரெண்டு பக்கமும் சின்ன வேகன், பெரிய வேகன். மூட்டை தூக்குற ஆளு நடுவுல வரணும், அவரை நல்லாப் பெருசா வரை. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, அளவெல்லாம் சொல்றேன். வேகன் கதவுல லேபிள் செருகுற எடத்தையும் காட்டித் தரேன்

யாழினி அம்மா (7:38)
காலைலயே கூட்டிட்டு வரேன் மாமா. அரக்கோணம் அண்ணே, நீங்களும் வந்துடுங்க, டிராம்வே கதைய முழுசாக் கேட்டுக்கட்டும்

அரக்கோணம் மாமா (7:39)
வந்துடறேம்மா