வாசக்கதவுல மாட்ட காஞ்ச பூ வளையம்: எந்தப் பூ, எதுல கட்டுறது?

மாடிவீட்டு மைனா:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். சென்னைல வாடகை ஃபிளாட், மெயின் டோர்ல மாட்ட ரவுண்டா ஒரு பூ வளையம் நானே பண்ணலாம்னு இருக்கேன், ஆன்லைன்ல பாத்தா எல்லாம் பிளாஸ்டிக் பூ, பாக்கவே சகிக்கல. நெஜப் பூவையே காயவச்சு பண்ணணும். நம்ம ஊர் பூவுல காஞ்சாலும் கலர் போகாதது எது, அடியில ரிங்குக்கு என்ன வாங்குறது? இன்னொரு பிரச்சன என்னன்னா மாமியார், "கதவுல போயி மலர்வளையமா? யாருக்கு என்னாச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க"ன்னு ஒரே பிடிவாதம்.

நிலக்கோட்டை பூக்காரி:
மாமியார் சொல்றதுல நியாயம் இருக்கு சிஸ். எங்க வீட்ல பூக்கடைதான். சாவுக்கு வளையம் ஆர்டர் வந்தா மூங்கில் பிளாச்சை வளைச்சு வைக்கோல் சுத்தி, இலைய நெருக்கிச் சொருகி, மேல சம்பங்கியோ வெள்ள சாமந்தியோ இடுக்கே தெரியாம அடச்சிருவாங்க. வெள்ளை, பச்சை, முழு வட்டமும் அடைப்பு, இந்த மூணும் சேந்தாதான் அந்த லுக்கே வருது. நீங்க கீழ்ப்பக்கம் மட்டும் பிறை மாதிரி கலர் பூ வச்சு, மிச்சத்த வெறும் வைக்கோலாவே விட்டுருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ரிங்குக்கு தனியா எதுவும் வாங்காதீங்க. பானைக்கு அடியில வைப்பாங்களே பிரிமணை, அது போதும், மண்பானை விக்கிற எடத்துல கேட்டுப் பாருங்க. இல்லன்னா வைக்கோல நனைச்சு பிரியா முறுக்கி வட்டமா கட்டி நல்லா காயவிடுங்க, ஈரம் இருந்தா பூஞ்சை புடிச்சிரும்.

பூன்னா மொதல்ல வாடாமல்லி, அதுக்கு மிஞ்சினது இல்ல. அடுத்தது கோழிக்கொண்டை. காம்போட கெடச்சா இலைய உருவிட்டு சின்னச் சின்ன கொத்தா ரப்பர் பேண்ட் போட்டு தலகீழா தொங்க விடுங்க. நூல்ல கட்டுனா காம்பு காஞ்சு சுருங்குனதும் நழுவி விழும், ரப்பர் பேண்டுன்னா கூடவே இறுகும். வெயில் வேண்டாம், கலர் வெளுத்துரும், இருட்டா காத்தோட்டமா இருக்குற ரூம்ல ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா மார்க்கெட்ல வாடாமல்லி காம்பு இல்லாம வெறும் தலையாத்தான் வரும், அப்ப பூ பச்சையா இருக்கும்போதே மெல்லிசு கம்பிய அடியில குத்தி ஏத்திருங்க, காய காய பூ சுருங்கி கம்பியக் கவ்விக்கும். கோழிக்கொண்டைக்கு அடியில பேப்பர் போடுங்க, கடுகு மாதிரி கறுப்பு விதை கொட்டிட்டே இருக்கும். மல்லி, சம்பங்கி பக்கம் போகாதீங்க, ரெண்டும் பழுப்பாயிரும்.

குன்னூர் குளிர்:
ஊட்டிப் பக்கம் வந்தா ரோட்டோரத்துல காஞ்ச பூ கொத்து கொத்தா விப்பாங்க, தொட்டா பேப்பர் மாதிரி மொறுமொறுன்னு இருக்கும். ஒண்ணு வாங்கிட்டுப் போனா பாதி வேல முடிஞ்சுது. கூட நெல்லுக்கதிர் ரெண்டு கொத்து சேருங்க, வாசல்ல கதிர் தொங்குனா மாமியாரும் வாய தொறக்க மாட்டாங்க 😄 குருவி வந்து கொத்தும், உங்க ஊர்ல புறா வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

மாடிவீட்டு மைனா:
சூப்பர் சூப்பர்! தோவாளை மாணிக்கமாலைக்கு 2025ல புவிசார் குறியீடு கெடச்சப்ப போட்டோ பாத்தேன், அரளியும் நொச்சி இலையும் வச்சு கல்லு பதிச்ச மாதிரி இருந்துச்சு, அந்த மாதிரி அரளி வைக்கலாமா? அப்புறம் ஒட்டுறதுக்கு குளூ கன் ஓகேவா?

நிலக்கோட்டை பூக்காரி:
அது பச்சைப் பூவுல மடிச்சுக் கட்டுற கைவேல சிஸ், காஞ்சா அந்த அழகு நிக்காது. அதுக்கு மேல அரளி விஷம், காஞ்சாலும் விஷம் போகாது, வீட்ல சின்னப் புள்ளையோ நாய்க்குட்டியோ இருந்தா கிட்டயே சேக்காதீங்க. குளூ கன் வேண்டாம், மேக்கு பாத்த கதவுன்னா மத்தியான வெயில்ல இளகி ஒவ்வொண்ணா விழும். ஹார்ட்வேர் கடைல மெல்லிசு கட்டுக்கம்பி வாங்கி சுத்துங்க, வாழநாரும் ஓகே, என்ன, மழைக்கு கம்பி துருப்புடிச்சு கதவுல கற விழும்னா நாரே பெட்டர்.

திருவான்மியூர் திண்ணை:
கடல்காத்துல இருக்குறவன் சொல்றேன், ஐப்பசி கார்த்திகைல வெளிய விட்டீங்கன்னா அவ்ளோதான், ஒரு வார மழைக்கே பூசணம். கழட்டி கவர்ல போட்டு, ஷூ டப்பால வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட், அதுல ரெண்டு மூணு உள்ள போட்டு அலமாரி மேல வச்சிருங்க, பொங்கலுக்கு எடுத்தா அப்டியே இருக்கும்.

மாடிவீட்டு மைனா:
நன்றி அண்ணா. கடைசியா ஒண்ணு, ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டார், எப்டி மாட்டுறது?

குன்னூர் குளிர்:
ஒட்டுற ஹூக்க கதவுக்கு உள்பக்கம் தலகீழா ஒட்டுங்க. ரிப்பன கதவு மேல போட்டு உள்ள அந்த ஹூக்குல மாட்டிட்டு, வெளிய வளையத்த தொங்க விடுங்க. ரிப்பன் மெல்லிசா இருக்கணும், இல்லன்னா கதவு சாத்தாது.