வேறு லாரியின் பின் ஆக்சிலை நம்ம வண்டிக்குப் பூட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவொற்றியூர் தண்ணி லாரி:

நானே ஆரம்பிக்கிறேன். ஆறு சக்கர வண்டி, 12,000 லிட்டர் டேங்க். இடது பக்கம் ஸ்பிரிங் சீட்டை (ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடை) ஒட்டி ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூடு) விரிசல் விட்டு ஆயில் கசிய ஆரம்பித்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர்களுக்கு நடுவே ஓடுகிற வண்டி. விரிசலுக்கு மேலே வெல்டிங் வைத்து ஒப்பேற்ற எனக்கு மனசில்லை. புது ஹவுசிங் வர நாளாகும் என்றார்கள். மாதவரம் பக்கம் வண்டி உடைக்கிற ஒரு இடத்தில் முழு ஆக்சில் கிடைத்தது. அதே கம்பெனி, வேறு மாடல். “போல்ட்டைப் போட்டா உக்காந்துரும்ணே” என்றார் விற்றவர்.

உட்காரவில்லை. எங்கள் வண்டியில் இடது பட்டைக்கட்டுக்கும் (ஸ்பிரிங் பட்டைகளின் அடுக்கு) வலது பட்டைக்கட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட, வந்த ஆக்சிலில் சீட்டுக்குச் சீட்டு ஒன்றரை இஞ்ச் குறைவு. கடப்பாரை விட்டு நெம்பினால் பட்டை உள்ளே வந்துவிடும், யூ போல்ட்டை (பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் போல்ட்) இறுக்கிவிடலாம் என்று பட்டறையில் ஒரு பையன் சொன்னான். அப்படி ஓடுகிற வண்டிகளும் இருக்கின்றன. மெயின் பட்டை முறுக்கிக்கொண்டே நிற்கும், ஷேக்கிள் புஷ் (பட்டையின் முனை ஆடும் இடத்தில் உள்ள குழல்) ஒரு பக்கமாகத் தேயும், கொஞ்ச நாளில் பட்டை ஒடியும். மேஸ்திரி அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

சீட்டை அறுத்து நகர்த்தி வைப்பதுதான் வழி. இதில் வெல்டிங்கைவிட ஹவுசிங் வளையாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. லேத்துக்காரர் ஹவுசிங்கின் இரண்டு முனையிலும் பேரிங் உட்காரும் இடத்தில் வளையம் போட்டு, நடுவே நீளமான நேர் கம்பி ஒன்றைக் கோத்தார். முதலில் லேசாகச் சூடேற்றிவிட்டு, இங்கே இரண்டு இஞ்ச், எதிர்ப்பக்கம் இரண்டு இஞ்ச் என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி கையால் சுற்றுகிறதா என்று பார்த்தார். இறுகினால் ஆறவிட்டார். ஹவுசிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வெல்டிங் கூட வைக்கவில்லை. லோடு ஏறும்போது அடிப்பக்கம்தான் இழுபடும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்றார்.

ஆக்சில் உட்கார்ந்தது. சென்டர் போல்ட் (பட்டை அடுக்கை நடுவில் கோக்கும் போல்ட்) தலையைவிட சீட்டில் துளை பெரிதாக இருந்ததால் ஒரு புஷ் கடைந்து போட்டோம். அதை அப்படியே விட்டால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் பின்னே நகரும். பட்டையின் முன்பக்க முனையை மாட்டும் பின்னிலிருந்து (ஊசி) ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து சமமாக்கினோம். இல்லையென்றால் வண்டி நேராகப் போகாமல் கோணிக்கொண்டு ஓடும்.

அப்புறம் சாலையில் இறக்கினால், நாற்பதைத் தாண்டும்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது, மிதித்தால் வருகிறது. டயர், டிரம், சென்டர் பேரிங் (ஷாஃப்டை நடுவில் தாங்குவது) எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. காரணம் பினியனின், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் சுழற்சியை ஆக்சிலுக்குள் வாங்கும் பல்சக்கரத்தின், சாய்வு. பழைய ஆக்சிலில் சீட்டு இருந்த சாய்வும் இதில் இருந்த சாய்வும் வேறு. மொபைலில் லெவல் பார்க்கும் ஆப் இருக்கிறதே, அதைப் பினியன் ஃபிளேஞ்சில் (ஷாஃப்டைப் பூட்டும் தட்டு) வைத்தால் 5 டிகிரி, முன்னே சென்டர் பேரிங் பக்க ஃபிளேஞ்சில் 2 டிகிரி. கடைசி ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் (மடங்கும் மூட்டு) ஒரே அளவு மடங்கினால்தான் ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று சமன் செய்யும். ஒரு டிகிரி வித்தியாசம் தாங்கும், மூன்று தாங்காது. பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே மூன்று டிகிரி ஆப்புத் தகடு போட்டு, யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் நீளமாக வாங்கி மாட்டினோம். அதிர்வு போயே போச்சு.

செங்குன்றம் டிப்பர்:

அண்ணே, ஆப்பின் தடித்த பக்கம் எங்கே வரணும்? எங்கள் பட்டறையில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

திருவொற்றியூர் தண்ணி லாரி:

பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கிற வண்டி என்றால், தடித்த பக்கம் முன்னால் வந்தால் பினியன் மூக்கு கீழே இறங்கும், பின்னால் வந்தால் மேலே ஏறும். எனக்கு மூக்கு கூடுதலாக நிமிர்ந்திருந்தது, அதனால் முன்னால். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வழக்கமாக ஏற்றுகிற லோடோடு அளந்து பாருங்கள் தம்பி. ஜாக்கியில் தூக்கி அளந்தால் கணக்கு தப்பும்.

எண்ணூர் டிரெய்லர்:

அதிர்வு வந்தால் ஆப்புக்குப் போவதற்கு முன் ஷாஃப்டைப் பாருங்கள். ஸ்லிப் ஜாயின்டைக் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் பல் வைத்த இணைப்பு) கழற்றிப் பூட்டும்போது அம்புக்குறி நேருக்கு நேர் வராமல் ஒரு பல் தள்ளிப் போட்டாலும் இதே அதிர்வுதான். ஷாஃப்ட் நீளத்தையும் பார்க்கணும். பினியன் மூக்கு நீளமான ஆக்சில் வந்தால் ஸ்லிப் உள்ளே போய் முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் விழும்போது சென்டர் பேரிங்கை உதைத்துத் தள்ளிவிடும். ஸ்லிப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கிற மாதிரி ஷாஃப்டை வெட்டி, பேலன்ஸ் செய்து போடணும்.

என் கதை ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றணும் என்கிற கணக்கு. பழையது 41க்கு 6, அதாவது 6.83. வந்தது 41க்கு 7, 5.86. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முதல் லோடோடு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போதே கிளட்ச் வாடை. அதைவிட மோசம் மீட்டர். ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸில் இருப்பதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 70ல் போகிறது. 80ல் நிற்க வேண்டிய ஸ்பீடு கவர்னர் 93 வரை விடும். வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம்: ஒரு பக்க ஹப்பை (சக்கரம் மாட்டும் குடம்) அசையாமல் பிடித்து, மறுபக்க ஹப்பை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளேஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் ரேஷியோ வந்துவிடும். ஆறுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 5.86, ஏழுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 6.83.

மணலி டாரஸ்:

பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு ஆக்சில் பிரச்சினை இல்லாமல் உட்கார்ந்தது, ஆனால் பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் டப்பா) யூ போல்ட் நட்டில் இடித்தது. பிராக்கெட்டை மாற்றிப் போட்டால் ஸ்லாக் அட்ஜஸ்டர் (சேம்பரின் தள்ளலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் நெம்பு) கை நீளம் இடது ஒன்று, வலது ஒன்று. வந்த ஆக்சிலிலேயே யாரோ கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தார்கள். நீளம் மாறினால் பிடி மாறும், மழையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஷெட்டை விட்டு எடுத்தேன்.

வண்டி 2015க்கு அப்புறம் வந்ததாக இருந்தால் ஏபிஎஸ்ஸையும் பாருங்கள். பழைய ஆக்சிலில் சக்கர வேகத்தை அளக்க உதவும் பல் வளையம் இருக்காது. இருந்தாலும் பல் எண்ணிக்கை நம்ம வண்டியோடு ஒத்துப்போகணும். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெரிய ஆக்சில் போட்டுவிட்டோம், இனி லோடு கூட்டலாம் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நாலு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்ததை 2018ல் 11.5 ஆக்கினார்கள், சரி. ஆனால் நம்ம வண்டிக்கு ஆர்.சி.யில் என்ன எடை போட்டிருக்கிறதோ அதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அதே மாடல் ஆக்சிலாகவே தேடிப் பிடிப்பது இதற்கும் நல்லது.

காசிமேடு மீன் வண்டி:

பழைய ஆக்சிலில் இடது பக்க வீல் நட்டு இடது மரை, வலது பக்கம் திருப்பினால்தான் கழறும். எங்கள் கிளீனர் அதைக் கழற்ற வழக்கம்போல இடது பக்கமாகத் திருப்பி, பைப் போட்டு, மேலே ஏறி நின்று, கடைசியில் ஸ்டட்டையே முறித்தான். ஸ்டட்டின் முனையில் “எல்” என்று குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்.

செங்குன்றம் டிப்பர்:

தண்ணி லாரி அண்ணே, இப்போ யூ போல்ட் எப்படி நிற்கிறது?

திருவொற்றியூர் தண்ணி லாரி:

புதுசுதான் போட்டோம், பழையதை நீட்டிப் போடவில்லை. லோடோடு கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒரு முறை இறுக்கினோம், நாலு நட்டும் அரைச் சுற்று வாங்கியது. ஆப்புத் தகடு உட்கார்ந்து அழுந்தும், அதனால் லூஸ் ஆகத்தான் செய்யும். 500 கிலோமீட்டரில் திரும்ப இறுக்கியபோது அசையவில்லை. ஹவுசிங் பிரீதரையும் (உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் துளை) கழற்றி ஊதிவிட்டேன், உப்புக்காற்றில் துரு அடைத்துக் கிடந்தது. அடைத்தபடியே விட்டிருந்தால் சூடேறும்போது ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும்.