மறு: கோல்ஃப் கிளப்புக்குத் தமிழ்ல மட்டையா, கோலா?

அன்பு நண்பர்களே,

ரெண்டு நாளா இந்த இழையைப் படிச்சிட்டே இருக்கேன், கோல்ஃப்ல பந்தை அடிக்கிற கிளப்புக்கு "மட்டை"னு முடிவாகிடும் போலத் தெரியுது, அதுக்குள்ள சொல்லிடணும்னு எழுதறேன். மட்டைன்னா அகலமா தட்டையா ஒண்ணுதான் மனசுல வருது, இதுவோ நீளமான தண்டு, அடியில சின்னதா ஒரு தலை. கிளப்னே விட்டுடலாம்னா "கோல்ஃப் கிளப்புல சேர்ந்தேன்", "கோல்ஃப் கிளப் வாங்கினேன்" ரெண்டும் ஒரே பத்தியில வரும்போது படிக்கிறவர் திணறிப் போவார்.

என் யோசனை கோல். ஃபுட்பால் கோலோட குழம்பும்னு இழையில ஒரு ஐயா சொன்னது தனியா நிக்கும்போது சரிதான், ஆனா ஊன்றுகோல், எழுதுகோல், நெம்புகோல், திறவுகோல்னு வேலையை முன்னாடி வச்சு சொல்றப்ப யாருக்கும் குழப்பம் வந்ததில்லையே. கோல்ஃப்ல ஒரு பையில 14 கோல் வரைக்கும் வச்சுக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. அந்த வேலையே பேரா இருக்கட்டும்.

தூரமா அடிக்கிற, பெரிய தலை உள்ள "வுட்"டை மரக்கோல்னு சொல்றதுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு காலத்துல பெர்சிமன் மரத்துல தலை செஞ்சாங்க, 1979ல டெய்லர்மேட் கம்பெனி ஸ்டீல் தலை கொண்டு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா மாறி இப்ப டைட்டானியம், கார்பன்னு ஆயிடுச்சு, உள்ள வெறும் கூடு. இங்கிலீஷ்ல பழக்கத்துல நின்னுபோன பேரை புதுசா பேர் வைக்கிற நாம ஏன் சுமக்கணும்? டீங்கிற சின்ன முளை மேல வச்சு முதல் அடியில பந்தை விரட்டுற டிரைவர், விரட்டுகோல். தரையில கிடக்கிற பந்தை தூரமா அனுப்புற 3 வுட், 5 வுட் எல்லாம் தரை விரட்டுகோல்.

ஒல்லியான உலோகத் தலை உள்ள அயர்னுக்கு படிக்கோல். 4லேர்ந்து 9 வரைக்கும் வரிசையா சுவத்துல சாய்ச்சு வச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணும் அரை இஞ்ச் போல குட்டையாகி படிக்கட்டு மாதிரியே இறங்கும், பந்தை அடிக்கிற முகமும் கொஞ்சம் கொஞ்சமா மல்லாந்துகிட்டே போகும், அதனால நம்பர் ஏற ஏற பந்து உயரமா எழும்பி கிட்டத்துல விழும். அந்த மல்லாப்புதான் லாஃப்ட், அதுக்கு முகச்சாய்வு போதும். மேஷி, நிப்லிக்னு முன்னாடி தனித்தனியா இருந்த பேரையெல்லாம் விட்டுட்டு இங்கிலீஷ்காரங்களே நம்பருக்கு வந்துட்டாங்க, அதனால "7ஆம் படிக்கோல்"னு சொல்றது இயல்பாவே இருக்கும். வுட்டும் அயர்னும் கலந்த ஹைபிரிட் கலப்புக்கோல், அதுல பிரச்சினை இல்லை.

பந்தை உயரமா தூக்கிவிடுற கோல் வெட்ஜ், வெட்ஜ்னா ஆப்புனு வடிவத்தைப் பிடிச்சுக்க வேணாம், எழுப்புகோல்னு சொல்லலாம். சாண்ட் வெட்ஜைப் பத்தி "மணல் எழுப்புகோல்னா மணலையா எழுப்புது?"னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஆமா, மணலைத்தான்! மணல் குழியில பந்தை நேரா அடிக்கிறதில்லை, ஒண்ணு ரெண்டு இஞ்ச் பின்னாடி மணல்ல இறக்கணும், சிதறுற மணல்தான் பந்தைத் தூக்கிட்டுப் போகும். 1932 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் ஜெயிச்சப்போ அவர் கையில இருந்தது அடிப்பக்கம் புடைச்ச இந்த மாதிரிக் கோல்தான்.

கடைசியில பந்தைக் குழிக்குள்ள போட எடுக்கிற பட்டருக்கு தள்ளுகோல்னு நிறைய பேர் ஓட்டு போட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு மறுபடி யோசிங்க. பந்தைத் தள்ளுறது விதிப்படி தப்பு, அடிக்கத்தான் செய்யணும். பட்டருக்கும் மூணு நாலு டிகிரி முகச்சாய்வு உண்டு, புல்லுக்குள்ள லேசா அமுங்கி உக்காந்திருக்கிற பந்தை அது மெல்ல வெளிய எடுத்துவிட்டு உருள வைக்குது. குழி வரைக்கும் உருட்டுறதுதானே அதோட வேலை? உருட்டுகோல். வாயில சொல்லிப் பாருங்க, எவ்வளவு நல்லா உக்காருது!

எனக்கு இன்னும் பிடிபடாதது பவுன்ஸ்தான், எழுப்புகோல் மண்ணுல புதையாம வழுக்கிட்டுப் போக அடியில இருக்கிற அந்தப் புடைப்புக் கோணம். "அடிப்புடைப்பு"னு எழுதி வச்சிருக்கேன், மனசு ஒப்பலை. யாருக்காவது நல்லதா ஏதாவது தோணுதா?

அன்புடன்