2, 6, 10 மட்டும் ஏன் வராது? மீத்திறன் மாணவரும் நம் பயிற்சி வகுப்புகளும்: உங்கள் அனுபவங்கள்

சுண்ணக்கட்டி
அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூட்டி நடத்தும் குறுவள மையப் பயிற்சிகள் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராகச் செய்திக்கு வருகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் வர்க்க எண்களை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 3, 5, 7, 8, 9 எல்லாம் கிடைக்கின்றன, 2, 6, 10, 14 மட்டும் எவ்வளவு முயன்றும் கிடைக்கவில்லையே, ஏன் டீச்சர் என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்றேன்.

சென்ற மாதம் மீத்திறன் மாணவர், அதாவது வகுப்பை முந்திச் செல்லும் மாணவர், குறித்த பயிற்சியில் எங்களுக்குப் பயிற்சி தந்த கருத்தாளர் அதே கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார். இரு எண்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் வருவதே வர்க்கங்களின் வித்தியாசம். அந்த இரு காரணிகளும் ஒற்றையாகவோ இரண்டுமே இரட்டையாகவோதான் அமையும். ஒற்றையானால் பெருக்கற்பலனும் ஒற்றை; இரட்டையானால் பெருக்கற்பலன் 4ஆல் வகுபட்டே தீரும். 2, 6, 10, 14 இரட்டை எண்கள், ஆனால் 4ஆல் வகுபடாதவை; அதனால்தான் வருவதில்லை. எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்றே போதுமானதாக இருந்தது. பக்கத்து இருக்கை ஆசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் அனைவரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

நாற்பதுபேர்வகுப்பு
சகோதரி, விடை தெரியாதது குற்றமாகாது. நேரம் இல்லாததே சிக்கல். மெல்லக் கற்போருக்குத் தனிப் பதிவேடு வைத்திருக்கிறோம், முந்திச் செல்பவருக்கு எதுவும் இல்லை. நான் கலந்துகொண்ட பயிற்சியில் அத்தகைய மாணவரைக் குழுத் தலைவராக்குங்கள் என்றார்கள். அப்படியே ஒரு மாணவியை ஈராண்டுகள் மற்றவர்களின் கணக்குகளைத் திருத்த வைத்தேன். ஒரு நாள் அவள் நோட்டுக்கட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "ஐயா, எனக்கு எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்றாள். ஆனாலும் இதில் தவறு என்னவென்று எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் இராமானுஜனிடமும் சுமார் 1,200 மாணவர்களை 35 ஆசிரியர்களுக்குப் பிரித்து ஒதுக்கும் வேலையைக் கொடுத்தார்கள் அல்லவா?

ஓய்வுபெற்றதலைமையாசிரியர்
தம்பியின் ஒப்பீட்டை ஏற்க இயலவில்லை. அந்த ஒதுக்கீடே ஒரு கடினமான கணக்கு. நோட்டுத் திருத்துவது அப்படியன்று. என் தவறு வேறு வகை: ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன், அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது ஆண்டு முழுவதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அடுத்த ஆண்டுப் பாடத்தைத் தராதீர்கள், இந்த ஆண்டுப் பாடத்தையே ஆழப்படுத்துங்கள். விடை சொன்னவனிடம் வேறு வழி உண்டா, நிபந்தனையை மாற்றினால் என்ன ஆகும், எப்போதும் இப்படித்தானா என்று கேளுங்கள். சென்னையிலுள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டியின் பழைய வினாத்தாள்களைச் சேகரியுங்கள். கணித ஒலிம்பியாடுக்கு நம் நாட்டில் நடக்கும் முதல் தேர்வில் 30 வினாக்கள், 3 மணி நேரம்; ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையிலான எண். அடுத்த கட்டத்தில் நிரூபணம் எழுத வேண்டும் என்பதால், விடையை மட்டும் பழக்கினால் பிள்ளை அங்கே திணறும். பயிற்சிகளிலோ கருத்தாளர் கணக்கே போடுவதில்லை, படக்காட்சி ஓட்டுகிறார். ஆசிரியர் தாமே ஒரு கணக்கில் சிக்கித் தவிக்காமல், சிக்கியிருக்கும் மாணவனுக்கு எவ்வளவு குறிப்புத் தரலாம் என்பதை எப்படி அறிவார்?

நாற்பதுபேர்வகுப்பு
ஐயா, மற்ற 39 பேரை அந்நேரத்தில் யார் பார்ப்பது?

அல்ஜீப்ராப்ரியன்
சகோதரி, அந்த மாணவனிடம் பிறகு விடையைச் சொன்னீர்களா?

சுண்ணக்கட்டி
பயிற்சி முடிந்த மறுவாரம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். இப்போது வேறு பள்ளியில் பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றேன். "எந்தக் கேள்வி டீச்சர்?" என்றான்.