ஏஸ் அட்டர்னி சீரிஸ்ல உங்க கையை நிறுத்துன கேஸ் எது? அதை வச்சு உங்க வரிசையை சொல்லுங்க

கோர்ட்ல வக்கீலா நின்னு வாதாடுற இந்த கேம் சீரிஸோட முதல் மூணு பார்ட்டை, அதான் ட்ரைலஜியை, நேத்து ராத்திரி மூணாவது தடவையா முடிச்சேன், தூக்கமே வரல, அதான் இந்த த்ரெட். எது பெஸ்ட்னு கேட்டா எல்லாரும் கதைக்கு இவ்ளோ மியூசிக்குக்கு இவ்ளோன்னு மார்க் போட்டு அடுக்குறாங்க, எனக்கு அப்படி போட வரல. எந்த சாட்சி முன்னாடி அடுத்த பட்டனை அழுத்த பயமா இருந்துச்சு, எங்க போனை ஓரமா வச்சிட்டு சும்மா உக்காந்துட்டீங்க, அதை சொல்லுங்க, வரிசை தானா வந்துடும். ஸ்பாய்லர் நிறைய இருக்கும், இன்னும் விளையாடாதவங்க தயவுசெஞ்சு இங்கயே நிறுத்திக்கோங்க, இந்த சீரிஸ்ல கொலையாளி யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா பாதி உயிர் போயிடும்.

எனக்கு முதலிடம் மூணாவது பார்ட், 2004ல வந்தது. ஆனா இதுல ஒரு கதை இருக்கு. நான் இந்த சீரிஸை ஆரம்பிச்சதே மூணாவதுல இருந்துதான், எல்லாரும் அதான் பெஸ்ட்னு சொன்னாங்கன்னு நேரா அதுக்கே போனேன். முதல் கேஸ்ல மியா ஃபேன்னு ஒரு புது வக்கீல், காலேஜ் பையனா இருக்க ஹீரோ ஃபீனிக்ஸ் ரைட்டுக்காக வாதாடுறாங்க, நல்லா இருந்துச்சு, அவ்ளோதான். கடைசி கேஸ்ல ப்ராசிக்யூட்டர் மைல்ஸ் எட்ஜ்வொர்த் வக்கீல் பேட்ஜை மாட்டிக்கிட்டு டிஃபென்ஸ் பக்கம் வந்து நிக்கிறப்போ கூட "சரி, ஃபீனிக்ஸ் பாலத்துல இருந்து விழுந்துட்டான், அதனால இவர் வந்திருக்காரு"ன்னு மட்டும்தான் தோணுச்சு. முடிச்சிட்டு, இதுக்கா இவ்ளோ பேச்சுன்னு நெனச்சேன்.

அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு 1, 2, 3ன்னு வரிசையா விளையாடினேன். முதல் பார்ட்டோட ரெண்டாவது கேஸ்லயே மியா செத்துப்போறாங்க. நாலாவது கேஸ்ல கொலைப்பழி சுமந்து நிக்கிற எட்ஜ்வொர்த்தை ஃபீனிக்ஸ் காப்பாத்துறான். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி மூணாவதுக்கு வந்தா, முதல் சீன்ல மியா பதட்டமா நிக்கிறதை பாத்ததுமே தொண்டை அடைச்சிடுச்சு. எட்ஜ்வொர்த் அந்த பக்கம் வந்து நின்னப்போ போனை கீழ வச்சிட்டேன். ஒருகாலத்துல தீர்ப்புக்காக எதையும் செய்வான்னு பேர் வாங்கினவன், தன்னை காப்பாத்துனவனுக்காக எதிர் பக்கம் வந்து நிக்கிறான். அதே சீன்தான், ஒரு வரி கூட மாறல, மாறினது எனக்கு தெரிஞ்சிருந்த விஷயம் மட்டும்தான்.

கோடோவை பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது. ஒரு விசாரணைக்கு 17 கப் காபிக்கு மேல குடிக்க மாட்டேன்னு விதி வச்சிருக்க ப்ராசிக்யூட்டர், முகத்துல ஒரு கண்ணாடிக் கவசம். வெள்ளை மேல இருக்க சிவப்பு அந்த கவசம் வழியா அவருக்கு தெரியாது. அந்த ஒரு விஷயம் கடைசியில பனி மேல இருக்க ரத்தத்துல போய் முடியுது. அவரை மாட்டிவிட்டப்போ ஜெயிச்ச மாதிரியே இல்ல, அழுகைதான் வந்துச்சு.

என் வரிசை: 3, 1, 2, அப்புறம் கிரேட் ஏஸ் அட்டர்னி ரெண்டும், அதுக்கப்புறம் மத்ததெல்லாம். அடிச்சு சொல்றேன், மூணாவது தனியா நிக்காது, முதல் ரெண்டோட சேந்து தான் அது முதலிடம்.

* * *

மூணாவதை பத்தி சொன்னது எல்லாம் ஒத்துக்கிறேன் நண்பா, ஆனா ரெண்டாவதை மூணாவது இடத்துல வச்சது என்னால தாங்க முடியல. அந்த பார்ட்ல நடுவுல சர்க்கஸ் கேஸ் இழுவைதான், அதை நானும் மறுக்கல. ஆனா நாலாவது கேஸ்? அதுல கட்சிக்காரரா வர்ற மாட் எங்கார்டே?

என் அனுபவம் இது. மியாவோட தங்கச்சி மாயாவை ஒரு கூலிக்கொலையாளி கடத்திட்டான், எங்கார்டேவை விடுதலை பண்ணினாதான் மாயா உயிரோட திரும்புவான்னு மிரட்டுறான். ஃபீனிக்ஸ் கிட்ட மாகடாமான்னு ஒரு மந்திரக் கல் இருக்கு, யாராவது மனசுல ஒண்ணை மறைச்சா சங்கிலியும் பூட்டும் தெரியும். எங்கார்டே கிட்ட நேரா கேக்குறான், நீ கொன்னியான்னு. அவன் நான் யாரையும் கொல்லலைன்னு சொல்றான். பூட்டு வரல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, சரி நம்ம ஆளு நிரபராதி, இனிமே பயமில்லாம அடிச்சு ஆடலாம்னு. ரொம்ப நேரம் கழிச்சுதான் புரியுது, அவன் சொன்னது உண்மை, அவன் கையால கொல்லல, காசு குடுத்து கொல்ல வச்சிருக்கான். கேள்வியை நாமதான் தப்பா கேட்டிருக்கோம். முகத்தை மறைச்ச முடியை அவன் பின்னாடி தள்ளி நிஜ முகத்தை காட்டுறப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.

அதுக்கப்புறம் ஒரு நாள் பூரா கேமை திறக்கவே இல்ல. மாயாவை காப்பாத்த இவனை விடுதலை பண்றதா, இல்ல பழியை சுமக்கிற அட்ரியன் ஆண்ட்ரூஸை காப்பாத்துறதான்னு நிஜமாவே யோசிச்சிட்டு இருந்தேன். அதுவரைக்கும் இந்த கேம்ல "என் கட்சிக்காரர் நிரபராதி"ங்கிறது தரை மாதிரி, அதை நம்பி தான் நடந்தோம், இங்க அந்த தரையையே உருவிட்டாங்க. கடைசி விசாரணையில தோத்தா வழக்கமான தோல்வி திரை மட்டும் இல்ல, தனியா ஒரு சோக முடிவு இருக்கு, நான் தோத்து அதை பாத்தேன், அன்னைக்கு ரொம்ப கனமா இருந்துச்சு.

என் வரிசை 2, 3, 1.

* * *

கிரேட் ஏஸ் அட்டர்னியை நாலாவது இடத்துல வச்சிட்டீங்களே ப்ரோ. ஜப்பான்ல 2015லயும் 2017லயும் வந்து, ஆங்கிலத்துல 2021ல தான் ரெண்டும் சேந்து வந்துச்சு, அந்த காத்திருப்புக்கு மேலயே குடுத்துச்சு எனக்கு.

மெய்ஜி காலத்து ஜப்பான்ல இருந்து ஹீரோ ரியூனோசுகே கப்பல்ல லண்டன் வர்றான், முதல் பார்ட்டோட மூணாவது கேஸ்தான் அங்க அவனுக்கு முதல் கோர்ட். குதிரை இழுக்கிற ஆம்னிபஸ்ல ஒரு கொலை, கட்சிக்காரர் மெக்கில்டட்னு ஒரு பணக்காரர். ஆறு ஜூரி தராசுல நெருப்பை வீசுறாங்க, ஆறு பேரும் குற்றவாளின்னு சொன்ன பிறகும் அவங்க பேச்சுலயே ஒருத்தரோட வார்த்தையை இன்னொருத்தரோட மோத விட்டு மனசை மாத்தணும், அது பிரமாதமான அமைப்பு. ஆனா என் கை நின்னது வேற இடத்துல. விசாரணை நடுவுல வண்டிக்குள்ள முன்னாடி இல்லாத ரத்தக்கறை இருக்கு. யாரோ ஆதாரத்தை மாத்திட்டாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியுது, ஆனா அது என் பக்கத்துக்கு சாதகமா இருக்கு. சொல்லணுமா வேணாமா? தீர்ப்பு விடுதலைன்னு வந்து கொண்டாட்டக் காகிதம் பறக்குது, எனக்கு சந்தோஷமே வரல. அப்புறம் மெக்கில்டட் அதே வண்டிக்குள்ள எரிஞ்சு சாகுறாரு. நான் இவரை நம்பினது சரியாங்கிற கேள்வியை அடுத்த பார்ட் முடியிற வரைக்கும் தூக்கிக்கிட்டே போனேன்.

இதுலயும் நீங்க சொன்னதேதான். முதல் பார்ட் நெறைய முடிச்சை அவிழ்க்காம நிறுத்திடும், அதை மட்டும் விளையாடினவங்க திட்டுறாங்க. ரெண்டையும் ஒரே கேமா எடுத்துக்கிட்டா இதுதான் இந்த சீரிஸை உருவாக்கின ஷூ டகுமி எழுதினதுலயே முழுமையானது, என் முதலிடம் இதுக்குதான்.

* * *

நாலாவது பார்ட்டுக்காக ஒரு குரல் குடுக்கிறேன், யாரும் பேசல. அபல்லோ ஜஸ்டிஸ், 2007. மூணாவது கேஸ்ல அந்த கிட்டார் கச்சேரி வீடியோவை திரும்பத் திரும்ப போட்டு பொறுமையை சோதிச்சாங்க, அதை நான் காப்பாத்த வரல. ஆனா முதல் கேஸ்? நம்ம ஃபீனிக்ஸ், போலி ஆதாரம் காட்டினான்னு பேட்ஜை இழந்து 7 வருஷம் ஆச்சு, தாடியோட போக்கர் ஆடிக்கிட்டு குற்றவாளிக் கூண்டுல நிக்கிறான். மூணு பார்ட் முழுக்க நானா இருந்த ஆளு இப்போ எதிர்ல நிக்கிறான், அவன் என்ன நினைக்கிறான்னு எனக்கு தெரியல. இப்படி அந்நியமா உணர வச்ச கேமை நான் பாத்ததில்ல.

கடைசி கேஸ்ல ஜூரி முறை வருதுல்ல, அது சும்மா வச்சது இல்ல, ஜப்பான்ல பொதுமக்கள் நீதிபதிகளோட உக்காந்து தீர்ப்பு சொல்ற முறைக்கு 2004ல சட்டம் வந்துச்சு, 2009ல நடைமுறைக்கு வந்துச்சு, இந்த கேம் சரியா அந்த நடுவுல வந்தது. முதல் பார்ட்ல எட்ஜ்வொர்த்தோட அப்பா கொலைக்கு 15 வருஷ காலக்கெடு முடியிற நாள்னு ஒரு பதட்டம் வருமே, அதுவும் அப்போ அங்க இருந்த சட்டம்தான், கொலைக்கான காலக்கெடுவை 2010ல முழுசா எடுத்துட்டாங்க. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த கேஸை மறுபடி விளையாடினேன், எதிர்ல நிக்கிற ப்ராசிக்யூட்டர் வான் கார்மா ஏன் அவ்ளோ நிதானமா நாளை ஓட்டுறாருன்னு புரிஞ்சப்போ கோபம் ரெண்டு மடங்கா வந்துச்சு.

* * *

எட்ஜ்வொர்த் இன்வெஸ்டிகேஷன்ஸ் 2 விளையாடாம யாரும் வரிசை போடாதீங்க. 2011ல ஜப்பான்ல வந்துட்டு வெளியவே வரல, ரசிகர்கள் சேந்து மொழிபெயர்த்ததை தான் நான் முதல்ல விளையாடினேன், 2024ல அதிகாரப்பூர்வமா வந்ததும் மறுபடி வாங்கினேன். எட்ஜ்வொர்த்தோட அப்பா கிரெகரியாவே நாம விசாரிக்கிற கேஸ் இருக்கு, 18 வருஷம் முன்னாடி நடந்தது. அந்த மனுஷன் சீக்கிரம் செத்துடுவாருன்னு தெரிஞ்சுக்கிட்டே அவரோட பொறுமையான கேள்வி ஒவ்வொண்ணையும் நான்தான் கேக்குறேன். இதுக்கு மேல என்னால எழுத முடியல, விளையாடுங்க.

* * *

ஸ்பாய்லர்னு பாத்ததும் நடுவுல எதையும் படிக்காம நேரா கீழ வந்துட்டேன். ஒரே ஒரு கேள்வி, மூணாவது தான் பெஸ்ட்னா நேரா அதுல ஆரம்பிக்கலாமா? நேரம் கம்மி.

* * *

த்ரெட் போட்டவன் மறுபடியும். முதல்ல ரெண்டாவது பார்ட் நண்பருக்கு: நேத்து நீங்க எழுதினதை படிச்சிட்டு எங்கார்டே கேஸை மறுபடி திறந்தேன், அந்த பூட்டு வராத இடத்தை நான் கவனிக்காம தாண்டியிருக்கேன், அதனால 2ஐ 1க்கு மேல தூக்கிட்டேன். 3 மட்டும் அசையாது.

கீழ கேட்ட தம்பி, வேணாம்ப்பா, நான் பண்ணின அதே தப்பு அது. நேரம் கம்மின்னா முதல் பார்ட்டை மட்டும் எடுங்க. முதல் கேஸ் ஒரு உக்காருதலுக்குள்ள முடிஞ்சிடும், எப்படி விளையாடணும்னு சொல்லித்தர்றதுக்குன்னே வச்சது. சாட்சி சொல்ற ஒவ்வொரு வரியையும் முதல்ல அழுத்திக் கேளுங்க, அவசரப்பட்டு ஆதாரத்தை நீட்டாதீங்க, மாட்டிக்கிட்டா வாக்த்ரூ பாக்காம ஆதாரமெல்லாம் இருக்க கோர்ட் ரெக்கார்டை எடுத்து ஒவ்வொண்ணா படிங்க, நேரம் குறிச்ச காகிதம் ஒண்ணுலயே பாதி பொய் உடையும். நாலாவது கேஸ்ல ஒரு கிளி சாட்சிக் கூண்டுல ஏறும், அங்க வர்றப்போ சிரிக்காம கவனமா கேளுங்க. ரெண்டாவது கேஸ் முடிஞ்சதும் இங்க வந்து என்ன ஆச்சுன்னு எழுதுங்க, அதுவரைக்கும் மேல போய் எதையும் படிச்சிடாதீங்க.