எம்.எஸ். ப்ளூ புடவை படத்தில் பச்சையடிக்கிறது: ஜன்னல் வெளிச்சத்துக்கே திரும்பிவிடலாமா?

நெசவுவீதி:
காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே பட்டுப் புடவைகளைப் படமெடுத்து ஆன்லைனில் விற்கிறோம். தங்கை கட்டிக்கொண்டு நிற்பாள், நான் எடுப்பேன். மூன்று வருடமாக ஜன்னல் வெளிச்சம்தான், குறையே இல்லை. மழை நாளில் வேலை நின்றுபோகிறதே என்று போன மாதம் 200 வாட் ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒன்றும், 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸும் (ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டி) வாங்கினேன். அன்றைக்குப் பிடித்தது தலைவலி. ஜன்னல் பக்கக் கன்னம் நீலம், தோளில் மஞ்சள். எம்.எஸ். ப்ளூ புடவை பச்சை கலந்து வருகிறது. ஜரிகை வெள்ளை வெள்ளையாக எரிந்துவிடுகிறது. இரண்டு நிறம் காட்ட வேண்டிய மயில்கழுத்துப் புடவை ஒரே நிறமாகத் தட்டையாகத் தெரிகிறது. "படத்தில் பார்த்த கலர் இது இல்லை" என்று இரண்டு புடவை திரும்பி வந்தாயிற்று. லைட்டை விற்றுவிடலாமா?

கடலோரக் கிளிக்:
இன்னொரு ஃபிளாஷ் வாங்கி இந்தப் பக்கமும் வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக அடித்தால் கலர் சரியாகிவிடும்.

நெசவுவீதி:
நண்பரிடம் ஒன்று இரவல் வாங்கிப் பார்த்துவிட்டேன் அண்ணா. மயில்கழுத்து இன்னும் மோசம்.

இருட்டறை:
தம்பி, எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. என்ன? வொயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே வர கேமரா செய்யும் நிறத் திருத்தம், எதில் இருக்கிறது? மேலே சீலிங் லைட் எரிகிறதா? சுவர் என்ன நிறம்?

நெசவுவீதி:
1/60, எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 800. ஜன்னல் வெளிச்சத்துக்கு வைத்ததை மாற்றவில்லை, ஃபிளாஷ் பவரை மட்டும் குறைத்துக்கொண்டேன். வொயிட் பேலன்ஸ் ஆட்டோ. சீலிங்கில் மஞ்சள் எல்.இ.டி. ஆறு. மழையில் இருட்டாக இருக்கிறதென்று போட்டது, அப்புறம் அணைக்கவே இல்லை. சுவர் போகிக்கு அடித்த இளம்பச்சை.

இருட்டறை:
அப்படியானால் உங்கள் படத்துக்கு வெளிச்சம் போடுவது நாலு பேர். ஜன்னல் வழியாக வரும் வான வெளிச்சம் 7000 கெல்வின் பக்கம் இருக்கும் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு அது, ஏற ஏற நீலம்), நீலம். ஃபிளாஷ் சுமார் 5500. மேலே இருக்கும் எல்.இ.டி. 3000 அளவில், மஞ்சள். இந்த மூன்றையும் வாங்கிப் பச்சையாக்கித் திருப்பியடிக்கிறது சுவர். கேமராவால் ஒரு வெளிச்சத்துக்குத்தான் வொயிட் பேலன்ஸ் வைக்க முடியும், மற்ற மூன்றும் தன் நிறத்தைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். போட்டோஷாப்பில் எவ்வளவு உருட்டினாலும் ஒரு கன்னம் சரியானால் இன்னொன்று கெடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். 1/160, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கன்னங்கரேலென்று வர வேண்டும். இப்போது வைத்திருப்பதைவிட ஆறு ஸ்டாப்புக்கும் மேல் இருட்டு இது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அறை வெளிச்சம் எதுவும் பதியாது. அதன்பிறகு ஃபிளாஷைப் போட்டால் படத்தில் இருப்பது ஃபிளாஷ் மட்டும்தான். ஷட்டரை 1/200க்கு மேல் ஏற்றாதீர்கள், பல கேமராக்களில் படத்தின் ஒரு ஓரம் கறுத்துப்போகும்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. வெள்ளை எட்டு முழ வேட்டி இரண்டை விரித்துக் கட்டினால் போதும். நீலம் போடாத வேட்டியாக இருக்கட்டும்!

ஆட்டோ வொயிட் பேலன்ஸை முதலில் நிறுத்துங்கள். படம் முழுக்க அரக்குப் புடவை நிரம்பியிருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று கேமரா நினைத்துக்கொண்டு நிறத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் படத்தில் தங்கை கையில் ஒரு கிரே கார்டு (நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) கொடுங்கள், அதை வைத்து மொத்த வரிசைக்கும் ஒரே அளவு.

மரத்தடி:
எல்லாம் சரி, பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தில் காட்டாததையா இந்தப் பெட்டி காட்டப்போகிறது? ஜன்னலிலேயே எடுங்கள்.

இருட்டறை:
அவர் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கலாம். இவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை புடவை, கேளுங்கள்.

நெசவுவீதி:
முப்பது, நாற்பது.

வாசற்படி:
நான் ஃபேஷன் படங்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் எடுப்பவள். "வடக்கு ஜன்னல்தான் உத்தமம்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கில்தான் இருக்கும். ஜூனில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் நேர் வெயில் சாய்வாக உள்ளே வரும். அந்த மாதங்களில் ஒரு வெள்ளைத் துணித் திரை கட்டாமல் எடுக்க முடியாது. இன்னொன்று: முழு உயரப் படத்துக்கு ஜன்னலைவிட வாசற்கதவு நல்லது, கொசுவம்வரை வெளிச்சம் இறங்கும். அமெரிக்க ஃபேஷன் புகைப்படக்காரர் எர்விங் பென் 1948இல் பெருவின் குஸ்கோ நகரில் உள்ளூர்க்காரர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து, பகல் வெளிச்சத்திலேயே அந்த ஊர் மக்களை எடுத்தார். அதனால் ஸ்டுடியோ என்றாலே மின்சார லைட் என்றில்லை. ஆனால் நாற்பது புடவைக்கும் ஒரே நிறம் வேண்டுமென்றால் ஃபிளாஷ்தான், மேகம் ஒரு தடவை வந்து போனாலே நிறம் மாறிவிடும்.

நெசவுவீதி:
சோதனை செய்தேன், கறுப்பாகவே வந்தது! வேட்டி கட்டி, கிரே கார்டு வைத்து எடுத்ததில் எம்.எஸ். ப்ளூ அப்படியே வந்துவிட்டது. ஜரிகையும் மயில்கழுத்தும் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை.

இருட்டறை:
சாஃப்ட்பாக்ஸ் எங்கே நிற்கிறது?

நெசவுவீதி:
கேமராவுக்குப் பக்கத்தில், இரண்டரை மீட்டர் தள்ளி.

இருட்டறை:
அதுதான். மயில்கழுத்தில் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். மடிப்பின் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இன்னொன்றும் தெரிவதுதான் அதன் அழகு. நேர் முன்னாலிருந்து அடித்தால் இரண்டும் கலந்து ஒரே நிறமாகிவிடும். இரண்டு பக்கமும் அடித்தால் கேட்கவே வேண்டாம், முதலில் சொன்ன யோசனையில் அது கெட்டது அதனால்தான்.

உங்கள் பழைய ஜன்னல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் சாஃப்ட்பாக்ஸைக் கொண்டுபோங்கள், திரையை இழுத்து மூடிவிட்டு. 90 செ.மீ. பக்கம் நெட்டுக்குத்தாக இருக்கட்டும். தூரத்தை 1.25 மீட்டர் ஆக்குங்கள். தங்கை நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பெட்டி பரப்பளவில் நாலு மடங்கு பெரிதாகத் தெரியும், ஜரிகையில் விழும் பளிச்சும் அதற்கேற்றபடி பரந்து தணியும். பாதித் தூரம் என்பதால் வெளிச்சமும் நாலு மடங்காகும், பவரைக் கால்வாசியாக்குங்கள். கிட்டே வந்துவிட்டதால் பாதம் இருட்டடிக்கும். மறுபக்கம் தரையோரமாக ஒரு தெர்மோகோல் பலகை சாய்த்து வையுங்கள், இடுப்புக்கு மேல் அது வரக்கூடாது.

ஒரு விஷயம், கேட்காமலே சொல்கிறேன். தங்கை முகம் "வெளுப்பாக" வர வேண்டுமென்று எக்ஸ்போஷரை ஏற்றாதீர்கள். இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். முகம் வெளுப்பதோடு புடவையும் வெளுக்கும், அப்புறம் திரும்பி வரும்.

நெசவுவீதி:
(முகத்தை வெளுப்பாக்கச் சொல்வது எங்கள் அம்மாவுடைய வேலைதான் அண்ணா.) மயில்கழுத்து வந்துவிட்டது, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. ஜரிகையில் இழை எண்ணலாம். வாடாமல்லி மட்டும் ரோஸ் பக்கம் சாய்கிறது.

இருட்டறை:
வாடாமல்லி எனக்கும் முழுசாகப் பிடிபட்டதில்லை. அந்த ஒன்றை மட்டும் வாசலில் நிழலில் வைத்து இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். வாங்குபவர் கேட்டால் பகலில் வீடியோ காலில் காட்டிவிடுங்கள்.